முட்டைக்கும் ஒரு மதகு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதியது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தொழில் முனைவோர் ஆவது எப்படின்னு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அண்ணே, அதைச் சொல்ல என்னை விடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், நான் முட்டையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மெஸ் முட்டையா?" என்று கேட்டார். அந்த முட்டைக் கதைகளை இரவு விடுதி மாடியில் பேசிக் கொள்ளலாம். நான் சொல்ல வந்தது இறால் முட்டை, கொசு முட்டை, நண்டு முட்டை. இவற்றுக்குள் மஞ்சள் கரு எப்படிப் போய்ச் சேருகிறது என்ற சங்கதி.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். நான் 2010-இல் இங்கிருந்து வெளியேறியவன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் வேண்டாமென்று கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவன். வயிற்றுப் பிழைப்புக்காகத்தான் இந்த விஷயத்துக்குள் விழுந்தேன்.

என் தொழில் தண்ணீர். பம்பு, வடிகட்டி, காற்று ஊதும் புளோயர், குழாய் இணைப்பு. வேதாரண்யத்திலிருந்து மரக்காணம் வரை கடற்கரையோரம் உள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், அதாவது ஹேச்சரிகள், என் வாடிக்கையாளர்கள். இறால் பண்ணை என்றதும் இங்கே சிலர் முகம் மாறுவது தெரிகிறது. மாறத்தான் வேண்டும். கீழத்தஞ்சைக் கடற்கரையில் நல்ல நிலமும் குடிதண்ணீரும் உப்பான வயிற்றெரிச்சலில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். அந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே நிற்கவில்லை. அதில் எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

2016-இல் ஒரு ஹேச்சரிக்குத் தண்ணீர் ஏற்பாடு முழுவதும் செய்து கொடுத்தேன். எந்த ஊர், யாருடையது என்பது வேண்டாம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்றாம் மாதம் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க தண்ணிதான் காரணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார். மூன்று லட்சம் பாக்கி நின்று போனது. அப்போது எனக்கு அது பெரிய தொகை. கூட்டாளி பணத்தையும் சேர்த்துப் போட்டிருந்தேன், வீட்டில் கைக்குழந்தை. வெறுங்கையோடு திரும்ப முடியாது என்று மூன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். உப்பு, காரத்தன்மை, வெப்பம், அம்மோனியா எல்லாம் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அளவு சரியாக இருந்து பொருள் கெட்டால் எஞ்சினியருக்கு வரும் பயம் உங்களில் பலருக்குத் தெரியும்.

இரண்டாம் ராத்திரி அங்கே வேலை பார்த்த ஒரு தம்பி, பூம்புகார் பக்கம், விலங்கியல் படித்தவர், என்னைத் தாய் இறால் தொட்டிக்கு அழைத்துப் போனார். இருட்டறை. கையில் டார்ச். "சார், மோட்டாரையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? இதைப் பாருங்க" என்று ஒரு பெண் இறாலின் முதுகில் வெளிச்சம் அடித்தார். ஓட்டுக்குள் முதுகு நெடுக ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. அதுதான் முட்டைப் பை, முற்றினால் அந்த நிறம் வரும் என்றார். அப்போதுதான் கவனித்தேன், அந்த இறாலுக்கு ஒரு கண் இல்லை. பக்கத்தில் இருந்ததற்கும் இல்லை. தொட்டியில் ஒரு பெண் இறாலுக்கும் இரண்டு கண் இல்லை.

கண் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்தத் தம்பி சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது. இறால் முட்டை பொரிந்து வரும் முதல் பருவத்துக்கு நாப்ளி என்று பெயர். அது எதையும் சாப்பிடாது. ஏறக்குறைய இரண்டு நாள், அம்மா முட்டைக்குள் வைத்து அனுப்பிய மஞ்சள் கருவைத் தின்றே வாழும். அது தீர்ந்து அடுத்த பருவமான ஜோயியாவாக மாறும்போதுதான் முதன்முதலாகப் பாசியைத் தின்னும். "நம்ம குஞ்சு எப்ப சாவுது, பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். எல்லாச் சாவும் சரியாக அந்தத் திருப்பத்தில்.

அதாவது கட்டுச்சோறு குறைவாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை இரண்டு வரிசை வாளி வைத்தோம். ஒரே வடிகட்டித் தண்ணீர், ஒரே புளோயர், ஒரே பாசி. ஒரு வரிசையில் அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்த தாயின் நாப்ளி. மற்றதில், பல மாதங்களாகத் திரும்பத் திரும்ப முட்டையிட வைக்கப்பட்ட தாயின் நாப்ளி. முதல் நாள் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது வரிசை பெரும்பாலும் அடியில் கிடந்தது. ஒரே ஒரு தடவை செய்த சோதனை, இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாதுதான். ஆனால் தண்ணீர் ஒன்றுதானே என்று முதலாளியிடம் வாளியைக் காட்டிக் கேட்க முடிந்தது. தாய் இறால் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் நோய்ப் பரிசோதனைக்கு இருந்து, பிறகுதான் ஹேச்சரிக்கு வரும். விலை அதிகம். அதனால் ஒன்றையே நாள்கணக்கில்லாமல் ஓட்டியிருந்தார்கள். பாக்கியில் பாதி அப்போது வந்தது. மீதி இன்னும் வரவில்லை.

ஊருக்கு வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. கட்டுச்சோறு குறைந்தது சரி. முதலில் அது முட்டைக்குள் எப்படி ஏறுகிறது?

முட்டை தன் மஞ்சள் கருவைத் தானே செய்து கொள்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. கோழியில் கூட மஞ்சள் கருவுக்கான புரதம் ஈரலில் தயாராகி, இரத்தத்தில் ஓடி, முட்டைக்கு வருகிறது. பூச்சிகளில் அதைத் தயாரிப்பது வயிற்றில் உள்ள கொழுப்புத் திசு. நண்டில் ஈரலும் கணையமும் சேர்ந்தது போன்ற ஒரு சுரப்பி. உருளைப்புழுவில் குடல். இறாலில் அந்தச் சுரப்பியோடு முட்டைப் பையும் ஒரு பங்கு செய்கிறது. எங்கே செய்தாலும் சரக்கின் பெயர் வைட்டெல்லோஜெனின்.

மேட்டூரில் திறந்து விட்ட தண்ணீர் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். எங்கள் நிலம் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாச்சு என்று ரேடியோவில் சொல்வார்கள். அப்பா அசைய மாட்டார். "ஆத்துல தண்ணி போனா நம்ம வயல்ல ஏறிடுமாடா?" என்பார். லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்க வேண்டும், வாய்க்கால் தூர்ந்திருக்கக் கூடாது, மேல்மடைக்காரன் மனது வைக்க வேண்டும். முட்டையின் நிலைமையும் ஏறக்குறைய கடைமடை நிலைமைதான். இரத்தத்தில் சரக்கு ஓடுகிறது. முட்டைக்குள் ஏற வேண்டும்.

ஆனால் ஓரிடத்தில் நம் உவமை உடைந்து விடும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். 1954-இல் அமெரிக்காவில் வில்லியம் டெல்ஃபர் என்பவர் செக்ரோப்பியா என்ற பெரிய பட்டு அந்துப்பூச்சியின் இரத்தத்தை ஆராய்ந்தார். பெண் பூச்சியின் இரத்தத்துக்கே உரிய ஒரு புரதம் முட்டைக்குள் போய்ச் சேர்வதைக் கண்டார். இரத்தத்தில் இருந்த செறிவை விட முட்டைக்குள் அதன் செறிவு மிக அதிகம். வெறுமனே ஊறிப் போனால் இரண்டு பக்கமும் சமமாகத்தானே நிற்க வேண்டும்? இரத்தத்தில் மிதக்கும் மற்ற புரதங்களும் அதே விகிதத்தில் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. இவனை விடு, அவனை விடாதே என்று வாசலில் யாரோ நிற்கிறார்கள். பிடித்து உள்ளே இழுக்கவும் செய்கிறார்கள்.

அந்த வாசலைக் கண்ணால் பார்க்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 1964-இல் ராத், போர்ட்டர் என்ற இருவர் ஈடிஸ் கொசுவை எடுத்துக் கொண்டார்கள். இன்று நமக்கு டெங்கு கொடுக்கும் அதே கொசு. கொசு நல்ல தேர்வு. பெண் கொசுவின் முட்டைகள் பாதி வளர்ந்து அப்படியே காத்திருக்கும். ஒரு தடவை வயிறு நிறைய இரத்தம் குடித்ததும், சுவிட்சு போட்டது போல மஞ்சள் கரு ஏறத் தொடங்கும். எப்போது தொடங்கியது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். இரத்தம் குடிக்கும் முன்பும், குடித்த பின் பல நேரங்களிலும் முட்டைப் பையை எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முட்டையின் மேல் சவ்வில் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழியின் அகலம் சுமார் 140 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கோட்டில் ஏழாயிரம் குழிகளை அடுக்கலாம். இரத்தம் குடித்த பிறகு அவற்றின் எண்ணிக்கை 15 மடங்காகியிருந்தது. குழியின் வெளிப்பக்கம் புரதம் ஒரு படலமாக ஒட்டியிருக்கிறது. உட்பக்கம் துடைப்பக் குச்சி போல ஒரு பூச்சு. குழி ஆழமாகி, வாய் மூடி, பையாகக் கழன்று உள்ளே போகிறது. உள்ளே போனதும் பூச்சு உதிர்கிறது, பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சள் கரு உருண்டையாகின்றன.

அந்தப் பூச்சு என்ன பொருள் என்று 1970-களின் நடுவில் பார்பரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்துக் கண்டுபிடித்து, கிளாத்ரின் என்று பெயர் வைத்தார். அதன் மூலக்கூறுகள் கோத்துக் கொண்டு கூடை போல ஆகும். மெக்கானிக்கல்காரர்கள் படத்தைத் தேடிப் பாருங்கள், கால்பந்தின் தையலைப் போல ஐங்கோணமும் அறுகோணமும். இப்படி ஒரு டிசைனை நம் பட்டறையில் யாராவது போட்டிருந்தால் மெடல் கொடுத்திருப்போம்.

ராத், போர்ட்டர் ஓரிடத்தில் சறுக்கினார்கள். மஞ்சள் கருப் புரதம் கொசுவின் குடலில் தயாராகிறது என்று கருதினார்கள். 1970-களில் ஹாகடார்னும் மற்றவர்களும் அது கொழுப்புத் திசுவில் தயாராவதைக் காட்டினார்கள். தலைமதகைத் தவறான இடத்தில் குறித்தவர்கள் கடைமடை மதகைத் துல்லியமாக வரைந்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு.

கொசு என்றதும் எங்கள் அப்பாயி ஞாபகம். "புதாறு வந்த பொறவுதான்டா இந்தப் பக்கம் முறைக்காச்சல் வந்துச்சு" என்று அடிக்கடி சொல்லும். புதாறு என்றால் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம். அணை முடிந்தது 1934. தண்ணீர் வந்தால் சோறு வரும், காய்ச்சல் எப்படி வரும் என்று நான் அப்பாயியைக் கேலி செய்வேன். வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது. 1930-களின் பிற்பகுதியில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் பட்டுக்கோட்டையில் மலேரியா ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார். அவரோடு டி. ராமச்சந்திர ராவ் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். 1938-இல் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையின் பொருளே, குறைபாடும் ஒழுங்கின்மையும் உள்ள பாசனத்தால் வரும் மலேரியா என்பதுதான். கசியும் கரை, மண் எடுத்து மூடாமல் விட்ட பள்ளம், வடியாத வாய்க்கால். சுருங்கச் சொன்னால் எஞ்சினியர் சரியாக முடிக்காத வேலை.

அங்கே மலேரியாவைப் பரப்பியது அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு. நாற்று நட்ட புதிதில், தண்ணீர் வெளிச்சமாகத் தெரியும் வயலில் முட்டையிடும். பயிர் சுமார் ஓரடி உயர்ந்ததும் வராது. நிழல் விழுவதால் வரவில்லை என்று தோன்றும். ரஸ்ஸலும் ராவும் 1942-இல் இதை ஆராய்ந்து, நிழலை விட, நெருக்கமாக நிற்கும் தாள்கள் பறந்து முட்டையிடத் தடையாக இருப்பதே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். கணக்கைப் பாருங்கள். வீட்டில் தூங்குபவனின் இரத்தம் கொசுவுக்குள் போகிறது. கொழுப்புத் திசுவில் அது மஞ்சள் கருப் புரதமாகிறது. அந்தச் சின்னக் குழிகள் வழியாக முட்டைக்குள் ஏறுகிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை, நடவு வயலில் விழுகிறது. நாம் திறந்து விட்ட தண்ணீரில். அப்பாயி இருக்கும்போதே இதைப் படித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இனி நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார்களுக்காக ஒரு விஷயம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் லிப்பிட் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்று ஒரு வரி இருக்கும், மனைவிமார்கள் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். இரத்தத்தில் ஓடும் அந்தக் கொழுப்பை நம் செல்கள் பிடித்து உள்ளே இழுப்பதும் இதே பூச்சுக் குழிகள் வழியாகத்தான். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கதவு வேலை செய்யாது. சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும். எல்.டி.எல்.-ஐப் பிடிக்கும் ஏற்பியும், முட்டையின் வாசலில் வைட்டெல்லோஜெனினைப் பிடிக்கும் ஏற்பியும் ஒரே குடும்பம்.

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. சுப்பிரமணியம் என்ற பேராசிரியர் நண்டு இனங்களின் முட்டை வளர்ச்சியை நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவரும் வாரியரும் 2002-இல் சேற்று நண்டின் முட்டையிலிருந்து இந்த ஏற்பியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கழிமுகத்தில் பிடித்து, காலைக் கட்டிச் சந்தையில் உயிரோடு விற்கிறார்களே, அதே நண்டு. அந்த ஏற்பி நண்டின் மஞ்சள் கருப் புரதத்தோடு பாலூட்டிகளின் இரத்தக் கொழுப்புப் புரதத்தையும் அடையாளம் கண்டு பிடித்துக் கொள்கிறது என்று காட்டினார்கள். நண்டும் நாமும் பிரிந்து எத்தனை கோடி ஆண்டுகள்! பூட்டு இன்னும் மாறவில்லை.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். இறாலின் கண் ஒரு காம்பின் மேல் நிற்கும். அந்தக் காம்புக்குள் ஒரு சுரப்பி. மஞ்சள் கரு சேராமல் தடுக்கும் ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. காலம் சரியில்லை, தீனி போதவில்லை என்றால் முட்டையை வளர விடாமல் நிறுத்தி வைக்கும் பிரேக் அது. 1943-இல் பிரான்சில் பனூஸ் என்பவர் கண்காம்பை நீக்கினால் இறாலின் முட்டைப் பை வளர்வதைக் கண்டார். பின்னால் வந்த ஹேச்சரிக்காரர்கள் அதைத் தொழிலாக்கி விட்டார்கள். ஒரு கண்ணை நசுக்கியோ கட்டியோ எடுத்து விட்டால் சில நாளில் முட்டைப் பை நிறம் மாறும்.

நம் பக்கத்தில் போர்செட்டில் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆனால் சிலர் என்ன செய்வார்கள்? ஸ்டார்ட்டரில் ரிலேயை பைபாஸ் செய்து நேராகக் கொடுத்து விடுவார்கள். தண்ணீர் கொட்டும். கொஞ்ச நாளில் காயில் கருகும். கண்காம்பில் அந்தப் பிரேக் மட்டும் இல்லை. தோலுரிப்பைக் கட்டுப்படுத்துவது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அங்கேதான். ஒரு சுவிட்சுக்காகப் பாதிப் பேனலைப் பிடுங்குகிறோம். பிரேக் இல்லாத தாய் அடுத்தடுத்து முட்டையிடும். சேமித்து வைக்கத் தீனியும் நேரமும் இல்லாமல் இட்டுக் கொண்டே போனால் கட்டுச்சோறு மெலியும். அந்த வாளியில் நான் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் கண்ணை எடுக்காமலே வன்னாமி இறாலில் குஞ்சு எடுக்கின்றன. தாய்களைக் கூடுதலாக வைத்துக் கொள்ள வேண்டும், தீனி நன்றாகப் போட வேண்டும், வெளிச்சமும் வெப்பமும் சீராக இருக்க வேண்டும். இதில் கடைசி இரண்டும் நம் வேலை, அதாவது எஞ்சினியர் வேலை. நான் இரண்டு ஆண்டாக ஒரு சிறிய ஹேச்சரியில் இதற்கான தொட்டி ஏற்பாட்டைச் செய்து பார்த்துக் கொண்டிருக்கிறேன். கண் எடுக்காத தாய்கள் முட்டையிடுகின்றன, ஆனால் எப்போது இடும் என்று சொல்ல முடிவதில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லை, ஒரே ராத்திரியில் ஏழு. முதலாளிக்கு ஆர்டர் தேதிக்குக் குஞ்சு கொடுக்க வேண்டிய கவலை. போன மாதம், "பத்து தாய்க்காவது கண்ணை எடுத்துடலாமா சார்" என்று கேட்டார். கட்டளையிட எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு பருவம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தொட்டியின் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தானாக ஏற்றி இறக்கும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. வாங்கினால் என் பட்ஜெட்டுக்குள் வராது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுத் தம்பி தங்கைகள் யாராவது இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக் கொண்டால் பாகங்களுக்கான செலவு என்னுடையது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இறால் முட்டையிடும், அதனால் தங்கத் தயாராக வர வேண்டும். டார்ச் நான் தருகிறேன்.